மலை ஏறும்போது வரும் குமட்டல்

வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நாங்கள் கொடைக்கானல் பேருந்தில் ஏறினோம். பி.ஆர்.ராஜமையரும் பி.எஸ்.ராமையாவும் பிறந்த ஊர், சி.சு.செல்லப்பா வளர்ந்த ஊர் என்று பேருந்து நிலையத்தில் நின்றபடி எங்கள் மகளுக்குச் சொல்லிப் பார்த்தோம். ஏழு வயதுப் பெண்ணுக்கு அதில் அக்கறை இருக்க நியாயமில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்ததே அவளுக்குப் பெரிய செய்தி. காமக்காபட்டி சோதனைச் சாவடியைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. டம்டம் பாறை வருவதற்குள் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை அரும்பியது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். முன் இருக்கையில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தவுடனே புரிந்துகொண்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறிக் கொடுத்தார். "இத மோந்துக்கிட்டே வா ஆத்தா, ஒண்ணும் செய்யாது." ஆனால் செய்தது. நாங்கள் பாலிதீன் பையை விரிப்பதற்கும் அவள் குனிவதற்கும் சரியாக இருந்தது.

எல்லாம் வெளியே வந்தபின், கண்ணில் நீரோடு அவள் கேட்டாள்: "நான் என்னப்பா கெட்டது சாப்பிட்டேன்?"

எதுவும் இல்லை. அதே இட்லியைத்தான் நாங்களும் தின்றோம், நடத்துநரும் தின்றார். சமவெளியில் இருந்திருந்தால் அது செரித்து உடம்பில் சேர்ந்திருக்கும். ஒரு குழந்தையின் வயிறு நல்ல உணவை நஞ்சென்று தீர்மானித்து வெளியே தள்ளியது ஏன்? அந்தக் கேள்விக்கு அன்று "பஸ் சுத்துதுல்ல, அதான்" என்று சொல்லி முடித்துவிட்டோம். அது பதில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஊர் திரும்பியபின் பல மாதங்கள் படித்தும் பேசியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறோம். எழுதத் தொடங்கியபோது இது குமட்டலைப் பற்றிய கட்டுரையாக மட்டுமே இருந்தது. அதே மலையின் உச்சியில் வேறொரு கதை எங்களுக்காகக் காத்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் வயிற்றிலிருந்து தொடங்கலாம். வாந்தியை வயிற்றின் செயல் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வயிறு அதில் பெரும்பாலும் செயலற்றே கிடக்கிறது. ஆணை தலையிலிருந்து வருகிறது. அந்த ஆணையின் ஒழுங்கு வியக்கத்தக்கது. முதலில் எச்சில் பெருகுகிறது. வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காக்கும் ஏற்பாடு அது. பிறகு சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய அலை வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கிக் கிளம்பி, குடலுக்குள் இறங்கியதையும் இரைப்பைக்குத் திருப்பி அனுப்புகிறது. இரைப்பை தளர்கிறது. மூச்சு ஒருமுறை ஆழமாக இழுக்கப்படுகிறது. காற்றுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. அதன்பின் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒருசேர இறுகி, நடுவே கிடக்கும் இரைப்பையைப் பிழிந்தெடுக்கின்றன. இத்தனை உறுப்புகளையும் வரிசை தவறாமல் இயக்குவது மூளையின் அடித்தண்டாகிய முகுளம். மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆள்கிற அதே இடம்.

முகுளத்துக்கு "நஞ்சு வந்திருக்கிறது" என்ற தகவல் எப்படிப் போகிறது? ஒரு வாசலை நம்பியிருந்தால் நம் முன்னோர் பிழைத்திருக்க மாட்டார்கள். பல வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் குடல். குடலின் உட்சுவரில், மற்ற உயிரணுக்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் ஒருவகை உயிரணுக்கள் உள்ளே வருவதைச் சுவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நச்சு தட்டுப்பட்டால் அவை செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. மன மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் அந்தச் செரடோனினின் மிகப் பெரும்பகுதி நம் உடம்பில் மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. அருகே காத்திருக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் அதை வாங்கிக்கொண்டு முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களுக்கு வரும் கடும் வாந்தியும் பெரிதும் இந்த வழியில்தான் வருகிறது. ஒண்டான்செட்ரான் என்ற மருந்து இந்தச் செய்தியைத்தான் வழியில் மறிக்கிறது. 2022இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்தப் பாதையை நரம்பு நரம்பாகத் தொடர்ந்து சென்று செல் இதழில் வெளியிட்டார்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்கும் ஆற்றல் கிடையாது. ஆனால் கெட்டுப்போன உணவில் பாக்டீரியா உண்டாக்கும் நச்சைக் கொடுத்தபோது அவை வாயைத் திறந்து ஓங்கரித்தன. வாந்தி இல்லாத உயிருக்கும் ஓங்கரிப்பு இருக்கிறது. வயிறு சரியில்லாதபோது எலிகள் களிமண்ணைத் தேடித் தின்னும் என்பதும் அறிந்ததே.

இரண்டாம் வாசல் இரத்தம். மூளை தன்னைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. இரத்தத்தில் ஓடும் எல்லாவற்றையும் அது உள்ளே விடுவதில்லை. இதைக் குருதி-மூளைத் தடுப்பு என்கிறார்கள். ஆனால் நான்காம் மூளையறையின் தரையில், ஏரியா போஸ்ட்ரீமா என்ற ஒரு சின்னஞ்சிறு திட்டில் மட்டும் அந்தச் சுவர் கிட்டத்தட்ட இல்லை. அது கட்டியவரின் மறதி இல்லை. கோட்டைக்கு வெளியே நிறுத்தப்பட்ட காவல்காரன் அவன்; இரத்தத்தை நேரடியாகச் சுவைத்து, தவறு தெரிந்தால் கூவுவது அவன் வேலை. 1950களின் தொடக்கத்தில் போரிசன், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களில் இந்தத் திட்டை நீக்கிக் காட்டினார்கள். அதன்பின் சில வாந்தி மருந்துகளை ஊசியில் ஏற்றினாலும் நாய்கள் வாந்தி எடுக்கவில்லை. கருவுற்ற பெண்களின் மசக்கைக்கும் இந்தக் காவல்காரனுக்கும் தொடர்புண்டு. கருவிலிருந்து தாயின் இரத்தத்துக்குள் வரும் ஜிடிஎஃப்-15 என்ற புரதம் இங்கேதான் உணரப்படுகிறது என்பதும், அதுவே கடும் மசக்கைக்குக் காரணம் என்பதும் 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வால் வலுப்பெற்றது. "எல்லாம் மனசுதான்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பெண்களுக்கு இது காலந்தாழ்ந்த நியாயம்.

மூன்றாம் வாசல்தான் டம்டம் பாறை அருகே எங்கள் மகளுக்குத் திறந்தது. அது காது.

உட்காதில் கேட்கும் கருவிக்குப் பக்கத்திலேயே சமநிலையைக் கணிக்கும் கருவியும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளுமாக அமைந்த அது, தலை திரும்புவதையும் சாய்வதையும் விரைவதையும் கணந்தோறும் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்ணும் தன் பங்குக்குச் சொல்கிறது. தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. வாழ்நாளின் பெரும்பகுதி மூன்று சாட்சிகளும் ஒன்றையே சொல்வதால் நமக்கு அவர்கள் இருப்பதே தெரிவதில்லை. மலைப்பேருந்தில் சாட்சிகள் முரண்படுகின்றன. முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், "நாம் அசையவில்லை" என்கிறது. உட்காதோ, "இடப்பக்கம் சுழல்கிறோம், இல்லை வலப்பக்கம், இப்போது மேலே" என்று கதறுகிறது. ஓட்டுநருக்குக் குமட்டுவதில்லை. அடுத்த வளைவை அவர் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. வண்டியைத் திருப்புவது அவர் கையே என்பதால் உடம்பு அதை எதிர்பார்த்திருக்கிறது.

உட்காது இன்றி இந்தக் குமட்டல் இல்லை என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1882இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதோர் பலரைச் சுழற்றிப் பார்த்தபோது அவர்களில் கணிசமானோருக்குத் தலைசுற்றலே வரவில்லை என்று கண்டார்.

சாட்சிகள் முரண்பட்டால் குழப்பம் வரலாம், தலை சுற்றலாம். ஆனால் இரைப்பையைக் காலி செய்வானேன்? இந்த எளிய கேள்வியை 1977இல் மைக்கேல் டிரைஸ்மன் சயன்ஸ் இதழில் எழுப்பி ஒரு விடையும் சொன்னார். பேருந்தும் கப்பலும் வருவதற்கு முந்தைய கோடிக்கணக்கான ஆண்டுகளில், கண்ணும் காதும் முரண்படுவதற்கு ஒரு விலங்குக்கு இருந்த முக்கியமான காரணம், தின்ற எதிலோ நரம்பைத் தாக்கும் நஞ்சு இருந்தது என்பதே. ஊமத்தையைத் தின்றவனுக்கு உலகம் சுழலும். ஆகவே உலகம் சுழன்றால் எதையோ தின்றுவிட்டோம் என்று மூளை முடிவு கட்டுகிறது. கட்டியதும் கக்கச் சொல்கிறது. 1983இல் மனி, செயுங் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். உட்காதின் சமநிலைக் கருவி நீக்கப்பட்ட நாய்கள், சில நஞ்சுகளுக்கு வழக்கம்போல் வாந்தி எடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கருவி பயணத்தின்போது தொல்லை தருவதற்கு மட்டும் இல்லை. நஞ்சை அறிவதிலும் அதற்குப் பங்கிருக்கிறது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நஞ்சு மூளையை எட்டிச் சமநிலையைக் குலைக்கும் நேரத்தில் வயிற்றைக் காலி செய்து என்ன பயன் என்பது ஒரு கேள்வி. முகுளத்தில் சமநிலை நரம்புகளும் வாந்தி நரம்புகளும் அருகருகே இருப்பதால் ஏற்பட்ட வெறும் கசிவு இது என்பார் உண்டு. எங்களுக்கு டிரைஸ்மனின் விளக்கம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது மெய்ப்பிக்கப்பட்டதாகாது என்ற எச்சரிக்கையோடுதான் அதைக் கையாள்கிறோம்.

அது சரியென்றால் இன்னொன்றும் விளங்குகிறது. பொய் எச்சரிக்கையின் விலை ஒரு வேளை இட்லி. தவறவிட்ட எச்சரிக்கையின் விலை உயிர். புகை மணியைப் போலத்தான். தோசை கருகினாலும் அடிக்கும்படி அதை அமைத்தால்தான் வீடு எரியும்போது தவறாமல் அடிக்கும். ரேண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மருத்துவர் உடம்பின் பல தற்காப்புகளை இப்படித்தான் விளக்குகிறார். நம் மூளை கோழையாக இருப்பது நம் நன்மைக்கே.

அந்தப் பேருந்தில் எங்கள் மகளைப் பார்த்து மேலும் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருவர் எடுத்தால் அடுத்தவருக்கும் வருவதற்கும் ஒரு ஊகம் சொல்லப்படுகிறது: கூட்டமாக உண்டு வாழ்ந்த உயிர்கள் ஒரே செடியைத்தான் தின்றிருக்கும், ஒருவனுக்கு ஒவ்வாதது எல்லோர் வயிற்றிலும் இருக்கும். வீடு திரும்பியபின் எங்கள் மகள் ஏறத்தாழ ஓராண்டு இட்லியைத் தொடவில்லை. வளைந்தது சாலை, பழி இட்லிக்கு. இதையும் 1950களிலேயே ஜான் கார்சியா எலிகளில் கண்டிருந்தார். இனிப்பு நீரைக் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சால் உடம்பு கெட்டது. அவை கதிர்வீச்சை அறியவில்லை, இனிப்பை வெறுத்தன. மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் குமட்டலுக்கான பழியை மூளை உண்டதன்மேலேயே போடுகிறது. நஞ்சு என்றால் வாய்வழியே வருவது என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

இந்த இடத்தில்தான் எங்கள் கட்டுரை மலை ஏறுகிறது.

பெருமாள்மலையில் பழனிச் சாலை வந்து சேர்கிறது. அதைக் கடந்து வெள்ளி நீர்வீழ்ச்சியில் முகம் கழுவியபின் எங்கள் மகள் தெளிந்துவிட்டாள். கொடைக்கானலின் குளிர்காற்றை இழுத்து, "இங்க வாசனையா இருக்கு" என்றாள். யூகலிப்டஸ் மணம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கீழே சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் அஞ்சிய மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் வந்து தங்கத் தொடங்கிய ஊர் இது. நல்ல காற்றுக்காகவே உண்டான ஊர் என்று சொல்லலாம். மறுநாள் நடைக்குச் சென்றபோது செயின்ட் மேரீஸ் சாலையில் பூட்டிய ஒரு வளாகத்தைக் கடந்தோம். அங்கேயும் அதே குளிர்காற்று, அதே மணம். உடம்பு எதையும் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் சரிவில் பாம்பார் சோலைக்காடு. அதன் நீர் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது.

அந்த வளாகம் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய செஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கே நிறுவப்பட்டது. 1987இல் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. பின்னர் ஆலை ஹிந்துஸ்தான் லீவரின் பொறுப்புக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் இந்த வழக்கை உலகெங்கும் எடுத்துச் சென்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான உடன்பாடு ஏற்பட்டது. பணியிடப் பாதரசத்தால் தொழிலாளர் உடல்நலம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்பதே நிறுவனம் தொடர்ந்து கூறிவரும் நிலைப்பாடு. உடன்பாடும் மனிதாபிமான அடிப்படையிலானது என்றே அது சொன்னது. உடல் நோவுகளையும் இறப்புகளையும் எண்ணிச் சொல்லும் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா என்பது குறித்த வாதமும் நெடுங்காலம் நடந்தது.

இந்த வழக்கில் யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பெழுதும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்களைத் தொட்டது வேறு ஒன்று. பாதரசம் எப்படி உள்ளே போகிறது என்பதைப் படித்தபோது, டம்டம் பாறையில் கற்ற பாடம் தலைகீழாகத் திரும்பி நின்றது.

எங்களில் ஒருவர் சிறுவயதில் வெப்பமானியை உடைத்ததுண்டு. உள்ளங்கையில் அந்த வெள்ளித் துளியை உருட்டி, பிரித்து, மறுபடி சேர்த்து, பென்சில் பெட்டிக்குள் நாள்கணக்கில் பத்திரப்படுத்தி விளையாடினார். இதைப் படிக்கும் பலருக்கும் இந்த நினைவு இருக்கும். "வாயில போட்டுடாதே" என்று அவர் அம்மா பதறினார். பதற்றம் நியாயமானது, திசை தவறானது. உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய முழுவதும் அப்படியே வெளியேற்றிவிடும். ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. அறையின் சாதாரண வெப்பத்திலேயே பாதரசம் மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் இழுத்த ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நுரையீரல் இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது.

முதல் வாசலாகிய குடலை அது தொடவே இல்லை. இரண்டாம் வாசலில், கோட்டைக்கு வெளியே நிறுத்திய காவல்காரன் சிறிய அளவுகளுக்குக் கூவுவதில்லை. பாதரச ஆவியோ கோட்டைச் சுவரையே நேராக ஊடுருவிச் செல்கிறது. மின்னூட்டம் அற்ற அணுவாக உள்ளே நுழைந்தபின் மூளையின் உயிரணுக்களே அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. மின்னூட்டம் பெற்ற பாதரசத்தால் எளிதில் திரும்பி வெளியேற முடியாது. விருந்தினனாக வந்தவன் உள்ளே வந்ததும் உருமாறித் தங்கிவிடுகிறான். நீர்நிலைக்குப் போன பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும்போது கதை இன்னும் கொடியது. அது நம் உணவிலுள்ள ஓர் அமினோ அமிலத்தின் சாயலை அணிந்துகொண்டு, அதற்கென உள்ள வாசல் வழியாகவே மூளைக்குள் அழைத்துச் செல்லப்படுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் நோய் வெளிப்படும்வரை அந்த மக்கள் தின்ற மீனின் சுவையில் எந்த மாற்றமும் இல்லை. யாருக்கும் குமட்டவில்லை.

ஆவி அளவு மீறிப் போனால் இருமலும் குமட்டலும் வருவதுண்டு. ஆனால் நாளுக்குச் சிறிதாக, ஆண்டுக்கணக்கில் மூச்சில் சேர்வதற்கு அந்தத் தொன்மையான மணி அடிப்பதில்லை. விரல் நடுங்குகிறது, ஈறு வீங்குகிறது, தூக்கம் போகிறது, மறதி வருகிறது. காரணமில்லாத கூச்சமும் சிடுசிடுப்பும் வருகின்றன. இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. சுற்றியிருப்பவர்கள் அதை நோயென்று எண்ணாமல் குணக்கேடு என்றே எண்ணுவார்கள். உடம்பு நஞ்சைக் கக்கவில்லை. மனிதர் மட்டும் மெல்ல வேறொருவராகிறார்.

நல்ல இட்லியைக் கக்கவைத்த அதே மூளை, அதே மலையில், மெய்யான நஞ்சைக் கண்டு வாளாவிருக்கிறது. இதில் மூளையின் குற்றம் ஒன்றுமில்லை. அதன் அனுபவம் பழையது. கசப்புக் காயையும் அழுகிய இறைச்சியையும் சுழலவைக்கும் இலையையும் அது அறியும். பூமிக்குள் கிடந்த உலோகத்தைத் தோண்டி, கொதிக்கவைத்து, டன் கணக்கில் மலையுச்சிக்கு ஏற்றி, கண்ணாடிக் குழாய்களில் அடைக்கும் ஓர் உயிரைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த நஞ்சுக்கு மூக்கு எது? 2006இல் ஒரு சுற்றுச்சூழல் ஆய்விதழில் ஹைதராபாத் ஆய்வாளர்கள், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் படிவிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து எழுதினார்கள். அந்த மலையின் மரப்பாசிகளையும் கல்பாசிகளையும் கூட அவர்கள் எடுத்துச் சோதித்திருந்தார்கள். பாசிக்கு வேரில்லை, காற்றில் வருவதையே உண்டு அது வாழ்கிறது, ஆகவே காற்றில் வந்தது அதில் சேர்ந்துவிடுகிறது. நம் மூளையால் கூவ முடியாததைப் பாசி எழுதிவைத்திருந்தது. அதைப் படிக்க ஆய்வகம் வேண்டும், படித்ததைச் சொல்ல ஆள் வேண்டும், சொன்னதைக் கேட்க அதிகாரி வேண்டும். ஓங்கரிப்புக்கு இதில் எதுவும் வேண்டியதில்லை. நஞ்சை உணரும் வேலை தனி உடம்பிலிருந்து சமூகத்துக்கு மாறிவிட்டது என்பதே கொடைக்கானல் எங்களுக்குச் சொன்னது. சமூகத்தின் முகுளம் மிக மெதுவாகத்தான் இயங்குகிறது. ஆலை நின்றதிலிருந்து உடன்பாடு வரை 15 ஆண்டுகள்.

கோபம் வரும்போது "குமட்டுகிறது" என்று எழுதுவது நம் வழக்கம். நாங்களும் எழுதியிருக்கிறோம். தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாக இளிவரலைச் சொல்லும். அருவருப்பு என்று அதை எளிதாக மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் அது பிறக்கும் களங்களாக அங்கே கூறப்படுபவை நஞ்சோ அழுக்கோ அல்ல. முதுமை, நோய், துன்பம், வலுவின்மை. முகம் சுளித்து விலகுவதற்கும் ஒரு மனிதனின் நலிவைக் கண்டு உள்ளம் குன்றுவதற்கும் இடையே எங்கோ அந்தச் சொல் நிற்கிறது. நடுங்கும் விரல்களைப் படத்தில் பார்த்தபோது எங்களுக்கு வந்தது குமட்டல் இல்லை, அந்த இளிவரல்தான். அது அவர்களைக் குறித்ததா எங்களைக் குறித்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. காய்ச்சல் வந்த நாள்களிலெல்லாம் நாக்கின் அடியில் வைத்தது யாரோ ஒருவர் மூச்சடக்காமல் நிரப்பிய பாதரசத்தைத்தானே.

அன்று மாலை குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று பார்த்தோம். 1936இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலிலிருந்து, மேகமில்லாவிட்டால், கீழே பழனிமலை தெரியும். அங்கே உள்ள மூலவரைப் போகர் நவபாஷாணத்தால், ஒன்பது நஞ்சுகளைக் கட்டி, செய்தார் என்பது மரபு. நஞ்சைக் கட்டுவது என்ற சொல்லைச் சித்த மருத்துவத்தில் அடிக்கடி கேட்கிறோம். கட்டாமல் விட்டதைப் பற்றி எண்ணியபடி நின்றோம். மகளோ, திரும்பிப் போக வேறு வழி இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது அவளை முன் இருக்கையில், சாலை தெரியும்படி உட்காரவைத்தோம். வெறும் வயிறாக விடாமல் கொஞ்சம் ரொட்டி கொடுத்தோம். மருந்துக்கடையில் அவோமின் வாங்கி, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு அளவறிந்து, கிளம்புவதற்கு முன்பே கொடுத்திருந்தோம். "தூரத்துல மலையப் பாரு, ரோட்டப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தோம். கண்ணும் காதும் சமாதானமாகி, பெருமாள்மலை தாண்டும் முன்பே அவள் தூங்கிவிட்டாள்.

வீட்டில் மேசை இழுப்பறைக்குள் ஒரு பழைய பாதரச வெப்பமானி இன்னமும் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதி செய்தது. நாங்கள் மின்னணு வெப்பமானிக்கு மாறிப் பல ஆண்டுகளாகிவிட்டன. பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வாங்கிக்கொள்வார்களா என்று இரண்டு இடங்களில் கேட்டோம். ஒருவர் சிரித்தார், மற்றவர் குப்பையில் போடச் சொன்னார். அதைத் துணியில் சுற்றி, மூடியிறுக்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படித்த மகள், "இது விஷம்னா ஏம்மா நாத்தமே அடிக்கல?" என்று கேட்டாள்.

இந்த முறை அவளுக்குப் பதில் சொல்லிவிட்டோம். டப்பாவை யாரிடம் கொடுப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.